கரை ததேயு

தன் வீட்டுக்குள் தன் குரல் பேசிக்கொண்டிருப்பதைத் ததேயூஸ் வெளியே நின்று கேட்டான்.

ஆழ்கடலில் கிடந்துவிட்டு அப்போதுதான் கரையேறியிருந்தான். உடம்பெல்லாம் டீசலும் மீன் ரத்தமும். தூண்டில் கயிறு அறுத்ததில் வலது உள்ளங்கை பிளந்து கிடந்தது. நடந்து வருகிற வழியெல்லாம் கஞ்சியைத் தவிர வேறு நினைப்பு இல்லை. உள்ளே அவன் பெண்டாட்டி மெற்றில்டா மீன் செதிள் சுரண்டும் சத்தம் கேட்டது. அதற்கு ஊடே அவனுடைய குரல்.

“பின்ன அவ என்ன சொன்னா?” என்றது குரல்.

“என்ன சொல்லுவா, மூஞ்சியத் தூக்கி வச்சிட்டுப் போனா,” என்றாள் மெற்றில்டா. “நீ அங்க இருந்து பாத்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்ப.”

குரல் சிரித்தது. அவளும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு ததேயூஸுக்கு எத்தனையோ வருசம் ஆகியிருந்தது. தன் சிரிப்பைக் கேட்டும்தான். அவனை ‘நீரு’ என்பவள் அந்தக் குரலை ‘நீ’ என்றாள்.

கதவைத் தள்ளினான். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “அவரு வந்தாச்சு. வைக்கேன் என்ன?” என்று போனிடம் சொல்லிவிட்டு வைத்தாள். அவன் கடலிலிருந்து கூப்பிட்டால் சொல்லாமலே வைத்துவிடுகிறவள்.

“வந்தாச்சா. கஞ்சி இருக்கு. குளிச்சிட்டு வாரும்.”

“யாரு போன்ல?”

“தெரியாதது மாதிரி கேக்கீரு. போயா.”

“கடல்ல கெடக்க போயாவுக்கு ஊர்க்கதை எதுக்கு?”

“அது கேக்குது. நான் சொல்லுதேன்.”

“நான் கேட்டா சொல்ல மாட்டியா?”

அவள் மீனைப் புரட்டிப் போட்டு அடுத்த பக்கத்தைச் சுரண்டினாள். “கேட்டுப் பாரும்.”

அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டான். குளிக்கப் போனான்.

சில வருசங்களுக்கு முன் வானிலை நிலையத்திலிருந்து இந்துமதி என்ற பொறியாளர் ஆனைப்பாறைத்துறைக்கு வந்தாள். பழக்கப்பட்ட ஒரு ஸ்ராங்கு வேண்டும் என்றாள். படகை நடத்துகிறவனை அந்தப் பக்கம் ஸ்ராங்கு என்பார்கள். எல்லாரும் ததேயூஸைக் காட்டினார்கள். அவன் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். அவள் நின்றபடியே விளக்கினாள்.

“செயற்கைக்கோள் மேல இருந்து மேகத்தோட தலையைத்தான் பாக்குது அண்ணா. விமானம் தான் பறக்கிற உயரத்துக் காத்தைச் சொல்லும். கப்பல் தன் வழியில உள்ளதைச் சொல்லிட்டுப் போயிடும். மிதவை நங்கூரம் போட்ட ஒரே இடத்துல நின்னு அலையையும் அழுத்தத்தையும் அளக்கும். நாலும் நாலு மாதிரி சொல்றப்ப யாரை நம்புறதுன்னு மெஷினுக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுது.”

“நாலு பேரு சொல்லுததும் நெசமாத்தான் இருக்கும் மேடம். அவனவன் நிக்க எடத்துல இருந்து பாக்கான்.”

“அதுல யார் சொல்றதை எடுத்துக்குவீங்க?”

“அது எப்படிச் சொல்ல? பாத்தா தெரியும்.”

“அதைத்தான் அது கத்துக்கணும். நீங்க கடல்ல இருக்கிறப்ப வாய்க்கு வந்ததைப் பேசிக்கிட்டே இருங்க. போதும்.”

இரண்டு பருவம் அவன் சட்டையில் ஒரு மைக்கோடு கடலுக்குப் போனான். காற்றைப் பற்றியும் நீரோட்டத்தைப் பற்றியும் பேசினான். அது சீக்கிரம் தீர்ந்துவிட்டது. பிறகு மெற்றில்டாவின் மீன்குழம்பைப் பற்றிப் பேசினான். கல்யாணமான புதிதில் அவள் தன்னைத் திட்டுகிற திட்டுகளைச் சொல்லிச் சிரித்தான். பக்கத்துப் படகுக்காரனுக்கு வலை நிறைய மீன் விழுந்தால் தனக்கு வயிறு எப்படி எரியும், அவன் எஞ்சின் பழுதாகிக் கிடந்த அன்று தனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் பேசினான். கடலில் யார் கேட்கப் போகிறார்கள்?

“பாதிக்கு மேல வயித்தெரிச்சல்தான் மேடம். வெட்டிக் களஞ்சிருங்க,” என்றான் மைக்கைத் திருப்பிக் கொடுக்கையில்.

“எல்லாம் வேணும் அண்ணா. எதுல இருந்து எது வருதுன்னு நமக்குத் தெரியாது.”

பதிலுக்கு ஒரு புது எஞ்சின் தந்தார்கள். மஞ்சள் வண்ணத்தில் ஒரு பெரிய மிதவையைத் தூரக்கடலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஊரார் வாயில் அது போயா. அந்தப் பக்கத்து விமானம், கப்பல், செயற்கைக்கோள் எல்லாம் சொல்வது அதன் மண்டைக்குப் போகும். அது தன் அளவையும் சேர்த்து எடைபோட்டு ஒரு முடிவு சொல்லும். போனிலும் கூப்பிடலாம், படகு வயர்லெஸ்ஸிலும் கேட்கலாம். ததேயூஸின் குரலில், ததேயூஸின் பேச்சில் பதில் வரும். தெரிந்த குரல் சொன்னால்தான் ஊரார் கேட்பார்கள் என்று நிலையத்தில் முடிவு செய்திருந்தார்கள். சொல்லி முடித்ததும் அது ஒரு கேள்வி கேட்கும்: “செரி, அங்க எப்படி இருக்கு?” ஒருவனும் பதில் சொல்வதில்லை. வேண்டியது கிடைத்ததும் வைத்துவிடுவார்கள்.

முதலில் அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. டீக்கடையில் நாலு போனில் ஒரே நேரத்தில் தன் குரல் கேட்கையில் மீசையைத் தடவிக்கொள்வான். ஆனால் மிதவை வருசா வருசம் தேறிக்கொண்டே போயிற்று. அவன் சொல்வது பத்துக்கு இரண்டு தவறும். அது சொல்வது தவறவே இல்லை. முக்கியமாக, பொழிமுகத்தில் எப்போது ஏறலாம், எப்போது கூடாது என்பதை அது சொல்லி வைத்தாற்போல் சொன்னது. ஆறு கடலில் சேருகிற அந்தக் குறுகலான வாய்தான் துறைமுகத்துக்கு வழி. இரண்டு பக்கமும் அலையைத் தடுக்கும் கல்லுக்கெட்டு, நடுவே ஆனைப்பாறை. நடுக்கடலில் தப்பித்த படகுகள் அங்கே கவிழ்ந்திருக்கின்றன. மிதவை வந்த பிறகு ஒன்றும் கவிழவில்லை.

ஊரில் ஒரு பேச்சு முளைத்தது. அது போயா ததேயு, இவன் கரை ததேயு. கடலில் கிடந்து தேய்கிற ஒருவனுக்கு இதைவிடக் கேவலமான பட்டம் கிடையாது.

போன பருவத்தில் நல்ல கேரை மீன் விழுந்துகொண்டிருந்தபோது இன்னும் ஒரு நாள் நிற்கலாம் என்றான் ததேயூஸ். அவனுக்கு அடுத்தபடியாக இருந்த கிளீட்டஸ் வயர்லெஸ்ஸை எடுத்து மிதவையைக் கேட்டான். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு புறப்படச் சொன்னது அது. பயல்கள் உடனே கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்கள்.

“நான் இஞ்ச நிக்கேன், அங்க கேக்கியா?” என்றான் ததேயூஸ்.

“உமக்க பேச்சுதானண்ணே அது. உமக்க பேச்ச நீரே கேக்காட்டா வேற எவன் கேப்பான்?”

பயல்கள் சிரித்தார்கள். சாயங்காலம் காற்று பிடித்தது. நின்றிருந்த வேறு ஊர்ப் படகு ஒன்று மேற்கூரையை இழந்து வந்து சேர்ந்தது.

அயலான் ஒருவன் தன் பேரைக் கெடுத்தால் சட்டையைப் பிடிக்கலாம். பெண்டாட்டியோடு சிரித்துப் பேசினால் வெட்டுக்கத்தியைத் தூக்கலாம். இங்கே யாரைப் பிடிப்பது? அந்தக் குரலில் இருமல் இல்லை. அது குடித்துவிட்டு வருவதில்லை, மீன் நாற்றம் அடிப்பதில்லை, வயசாவதில்லை. அவன் கடலில் கிடக்கிற நாளெல்லாம் அது வீட்டில் இருந்தது. வீட்டில் இருக்கிற நாளில் அவன் தூங்கினான்.

அது ஒரு தரம், ஒரே ஒரு தரம், தப்பாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது.

அடுத்த பயணத்தில் படகை மிதவைப் பக்கம் விட்டான். நிற்கிற பொருளின் நிழலில் மீன் கூடும். மிதவையில் படகைக் கட்டி மீன் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கட்டாத படகு கிடையாது. நீளமாகக் கயிறு விட்டுக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார்கள். ததேயூஸ் படகின் இடத்தைக் காட்டும் கருவியை அணைத்தான். முன்கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, மிதவை ஒரு பக்கமாகச் சரியும்வரை இறுக்கிக் கட்டினான்.

“என்னண்ணே, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி இழுத்துக் கெட்டீரு?” என்றான் கிளீட்டஸ்.

“நீ தூண்டிலப் பாரு.”

மீன் விழுந்தது. பயல்கள் குனிந்து நிமிர நேரமில்லை. வயர்லெஸ்ஸில் குரல் வந்தது. “என்னைய யாரோ புடிச்சு வச்சிருக்கு. யாரது? அலை செரியாத் தெரியல்ல.”

கிளீட்டஸ் சிரித்தான். ததேயூஸ் வயர்லெஸ்ஸை அணைத்தான்.

வெயில் தாழ்கிறவரை நின்றுவிட்டுக் கட்டை அவிழ்த்தார்கள். மிதவை நிமிரவில்லை. கீழே சங்கிலி எங்கோ சிக்கியிருக்க வேண்டும். வாய் கோணியவனைப் போலச் சரிந்தே கிடந்தது. ததேயூஸ் அதைத் திரும்பிப் பார்த்தான். மனசுக்குள் வெல்லக்கட்டி கரைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை கரை தெரியும் தூரத்துக்கு வந்ததும் வயர்லெஸ்ஸைப் போட்டான். குரல் சொல்லிக்கொண்டிருந்தது. “கடலு அமைதி. பொழிமுகத்துல தாராளமா ஏறலாம்.”

வானம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. காற்றே இல்லை. அப்போதுதான் அவன் தண்ணீரின் முதுகைக் கவனித்தான். தெற்கிலிருந்து நீளமாக, மெதுவாக, அவசரமே இல்லாமல் மேடுகள் வந்துகொண்டிருந்தன. படகு ஏறுவதும் இறங்குவதும் தெரியாத அளவுக்கு அகலமான மேடுகள். கள்ளக்கடல். உலகத்தின் தென்கோடியில் எங்கோ புயல் அடித்திருக்கும். அதன் அலை நாள்கணக்காகத் தெளிந்த வானத்துக்குக் கீழேயே நடந்து வந்து, கரையை மிதித்ததும்தான் எழுந்து நிற்கும். விமானத்துக்கு நல்ல காற்று. கப்பலுக்கு ஆட்டம் இல்லை. அலை அளக்கும் செயற்கைக்கோள் எல்லா நாளும் அந்தப் பக்கம் வராது. அதைப் பிடிக்க வேண்டியது மிதவை ஒன்றுதான். அதை அவன் கட்டிப் போட்டிருந்தான்.

முன்னால் நாலைந்து படகுகள் பொழிமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. ததேயூஸின் கை வயர்லெஸ்ஸுக்குப் போயிற்று. போயாவை நம்பாதீர்கள் என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். கை அங்கேயே நின்றது.

“ஏறாதீங்க,” என்றது குரல். “ஒருத்தரும் ஏறாதீங்க. மொதல்ல நான் சொன்னது தப்பு. வெளியிலேயே நில்லுங்க.”

படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. சற்று நேரத்தில் ஆனைப்பாறைக்கு மேல் தண்ணீர் ஏறி அந்தப் பக்கம் விழுந்தது. இரண்டு கல்லுக்கெட்டுக்கும் நடுவே கடல் வெள்ளையாகக் கொதித்தது. உள்ளே போயிருந்தால் ஒரு பலகை மிஞ்சியிருக்காது.

“பாத்தீரா,” என்றான் கிளீட்டஸ், வெளிறிப்போன முகத்தோடு. “தப்பையும் அதுவே சொல்லுது பாரும். மனுசனா இருந்தா சொல்லுவானா?”

ததேயூஸுக்கு உயிர் பிழைத்த சந்தோசம் வரவில்லை. அதன் கண்ணைக் கட்டியவன் அவன். கண்ணைக் கட்டியும் அது எப்படிப் பார்த்தது?

கடல் அடங்கிக் கரை சேர்ந்த மறுநாளே பஸ் பிடித்து நிலையத்துக் கிளை அலுவலகத்துக்குப் போனான். இந்துமதிக்குக் காதோரம் நரைத்திருந்தது.

“வாங்க அண்ணா. யாரோ மிதவையில படகைக் கட்டி அரைநாள் வச்சிருந்திருக்காங்க. சாஞ்சு கிடக்கு. சரி பண்ற கப்பல் வர இன்னும் நாளாகும்.” அவள் அவன் முகத்தையே பார்த்தாள். “யாருன்னு தெரியல.”

“எனக்க சத்தத்த எடுத்திரணும்னு சொல்ல வந்தேன்.”

“எடுத்திடலாம்.”

அவள் அவ்வளவு லேசாகச் சொல்வாள் என்று அவன் நினைக்கவில்லை. “அதுக்கு முன்ன ஒரு காரியம் தெரியணும். போயா சரிஞ்சு கெடக்கு, அலை தெரியல்ல. பின்ன எப்படி மாத்திச் சொல்லிச்சு?”

“உங்க குரல் பேசின எதையும் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஒப்பந்தத்துலயே இருக்கு. இத்தனை வருசத்துல ஒரு தடவைகூட நீங்க கேக்கல.” அவள் கணினியைத் தட்டினாள்.

கடல் இரைச்சல். அதற்கு மேல் மெற்றில்டா.

“உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ஏறலாம்னு சொல்லிக்கிட்டு கெடக்க. இஞ்ச ஆனைப்பாறைக்க மேல வெள்ளம் ஏறுது.”

“காத்து?” என்றது அவன் குரல்.

“ஒரு பொட்டுக் காத்து இல்ல. சின்னது ஏழெட்டு வருது. பின்ன பெருசு மூணு சேந்து வருது. இப்ப ரெண்டு கூடைய எடுத்துட்டுப் போச்சு.”

“எந்தப் பக்கம் மொதல்ல ஒடையுது?”

“தெக்குக் கல்லுக்கெட்டு.”

“எனக்க உடம்பு சரிஞ்சு கெடக்கு மெற்றில்டா. நான் பாத்தது தப்பு. நீ பாத்தத எடுத்துக்கிடுதேன்.”

காதல் பேச்சு ஏதாவது கேட்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தயாராக இருந்தவன் ததேயூஸ். இதற்கு அவன் தயாராக இல்லை. ‘நான் பாத்தது தப்பு’ என்று அவன் வாய் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டது, அவன் இல்லாமலே.

“எவ்வளவு நாளா இது?”

“ஆரம்பத்துல இருந்தே. அது கேக்கிற கேள்விக்கு எல்லாரும் போனை வச்சிடுவாங்க. அவங்க ஒருத்தங்கதான் பதில் சொன்னாங்க. படகுல வர்றவங்க பொழிமுகத்தைத் தாண்டறதோட சரி. கல்லுக்கெட்டுல நின்னு ஒவ்வொரு படகும் உள்ள வர்றதைப் பாக்கிறது மீன் எடுக்க வர்ற பொம்பளைங்கதானே? அவங்க சொன்னது ஒண்ணுகூடப் பிசகல. மிதவை அப்படித்தான் அண்ணா. சரியாச் சொன்னவங்களுக்கு எடை கூட்டிக்கிட்டே போகும். இப்ப அதுக்கிட்ட உங்களோடதுன்னு இருக்கிறது குணமும் குரலும்தான். கடலுக்கு அவங்க சொல்றதைத்தான் நம்புது. போன வருசம், அவங்க குரலையே வச்சிடவான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாங்க.”

“ஏன்?”

“உங்க வீட்லயே கேளுங்க.”

குரலை எடுக்கிற பேச்சை மறுபடி எடுக்காமலே அவன் எழுந்து வந்தான்.

மெற்றில்டா அடுப்பில் சட்டியை வைத்து மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அவன் நிலைப்படியில் நின்றபடியே சொன்னான்.

“கேட்டேன். நீ அதுக்கிட்ட பேசினத.”

“கேட்டா நல்லது.”

“எனக்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?”

“சொன்னேனே. தெக்குக் கல்லுக்கெட்டுப் பக்கம் மொதல்ல ஒடையுது, வடக்க ஒதுங்கி வாரும்னு நம்ம மூத்தது வயித்துல கெடக்கும்போதே சொன்னேன். அடுக்களையில நிக்கவளுக்குக் கடல் என்ன தெரியும்னு கேட்டீரு.”

அவனுக்கு அது நினைவில்லை. ஆனால் அப்படித்தான் கேட்டிருப்பான் என்று தெரிந்தது.

“உனக்க சத்தத்தப் போடட்டான்னு கேட்டாளாமே. எதுக்கு வேண்டாம்ன?”

“பொம்பள சத்தத்துல ஏறாதேன்னு சொன்னா எந்தப் படகு திரும்பும்?” அவள் கரண்டியை அவன் பக்கம் நீட்டினாள். “நீரு திரும்புவீரா?”

இவ்வளவு நாளும் வயிறெரிந்தது யாரைப் பார்த்து என்று கணக்குப் பார்த்தான். எரிச்சல் அடங்கவில்லை. ஆள் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

“இன்னொண்ணு,” என்றாள் அவள். “உம்ம முன்கயித்துல மஞ்சப் பெயிண்ட் ஒட்டியிருந்து. மண்ணெண்ணெய போட்டுத் தேச்சுக் கழுவிட்டேன்.”

ததேயூஸுக்கு உள்ளங்கைப் புண் விண்ணென்று தெறித்தது.

“அது எனக்கிட்ட கேட்டுது. யாரு கெட்டினதுன்னு தெரியுமான்னு. தெரியாதுன்னுட்டேன். அதுக்கிட்ட நான் சொன்ன மொதப் பொய்.”

“எனக்கிட்ட?”

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். எண்ணெய் சடசடத்தது.

“அதுக்குப் பொறவு அது எனக்கிட்ட ஒண்ணும் கேக்கல்ல,” என்றாள் சட்டியைப் பார்த்துக்கொண்டே. “நிலவரத்தச் சொல்லும். வச்சிரும். உம்மள மாதிரி.”

உள்ளங்கைப் புண் சீழ் வைத்துவிட்டதால் அடுத்த பயணத்துக்கு ததேயூஸ் போகவில்லை. கிளீட்டஸ் படகைக் கொண்டுபோனான். அவர்கள் திரும்பும் நாளன்று மத்தியானம் மெற்றில்டா கல்லுக்கெட்டிலிருந்து வேகமாக வந்தாள்.

“பழையபடி கள்ளக்கடல். பாறைக்க மேல ஏற ஆரம்பிச்சாச்சு. படகெல்லாம் வெளிய தெரியுது. அது ஏறலாம்ங்குது. நான் சொன்னா கேட்டுட்டு வைக்குது, மாத்த மாட்டேங்குது.”

அவன் வீட்டிலிருந்த வயர்லெஸ்ஸை எடுத்தான். “கிளீட்டஸ், ஏறாத. பொழிமுகம் மோசம்.”

“போயா ஏறலாம்ங்குதுண்ணே. ஐஸ் முழுக்க உருகியாச்சு. மீனு இப்பவே மணக்குது.” பின்னால் யாரோ சிரித்தான். “கரை ததேயு சொல்லுதாரு, நிப்பாட்டுவோமா?” என்ற பேச்சும் கேட்டது.

நிலையத்துக்குச் சொல்லி, அவர்கள் சென்னைத் தலைமை அலுவலகத்தைக் கேட்டு, மிதவையை நிறுத்துவதற்குள் படகுகள் பாறையில் இருக்கும். ததேயூஸ் போனை எடுத்து முதல் தடவையாக மிதவையைக் கூப்பிட்டான்.

“யாரு?” என்றது குரல்.

“நான்தான்.”

“கேட்டாலே தெரியுது. என்ன வேணும்?”

“உன்னையக் கெட்டினது நான்.”

“தெரியும். இழுத்த இழுவையில தெரிஞ்சுது. நானா இருந்தாலும் அப்படித்தான் கெட்டியிருப்பேன்.”

“தெரிஞ்சா பின்ன எதுக்கு அவகிட்ட கேட்ட?”

“சொல்லுவாளான்னு பாத்தேன்.”

“அவ சொல்லல்ல.”

“சொல்லல்ல. உனக்காக எனக்கிட்ட பொய் சொன்னா.” குரல் தணிந்தது. “எனக்காக உனக்கிட்ட ஒரு பொய் சொல்லுவாளா?”

அந்தத் தணிந்த தொனி ததேயூஸுக்குத் தெரியும். தொண்டையில் அது எந்த இடத்தில் கிளம்பும் என்பதுகூடத் தெரியும். பக்கத்துப் படகுக்காரனுக்கு மீன் விழுந்த நாளில், கதவுக்கு வெளியே நின்று சிரிப்பைக் கேட்ட நாளில், மிதவையில் கயிற்றை இறுக்கிய நாளில் அவனுக்குள் பேசிய தொனி அது. வெட்டிக் களையுங்கள் என்றான். எல்லாம் வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள்.

“படகெல்லாம் வாயில நிக்குது. அவ பாத்தது நெசம்.”

“ஒரு தடவ பொய் சொன்னவள எப்படி நம்ப? என் அளவு ஏறலாம்ங்குது.”

“நீ சரிஞ்சு கெடக்க.”

“யாரால?”

வைத்துவிட்டது.

ததேயூஸ் மெற்றில்டாவைப் பார்த்தான். வாசலுக்கு வெளியே, தென்னைகளுக்கு நடுவே, ஆனைப்பாறை வெள்ளையாக எழும்பி விழுந்தது. எவ்வளவு கெஞ்சினாலும் போனில் பேசுகிறவன் இறங்கி வர மாட்டான். ததேயூஸுக்குத் தன்னைத் தெரியும். எது சொன்னால் இறங்குவான் என்பதும் தெரியும். போனை அவள் கையில் திணித்தான்.

“அவன்கிட்ட பேசு.”

“அதுதான் கேக்க மாட்டேங்குதே.”

“நிலவரம் சொல்லாத. அது பொறவு. அவன் கூடச் சிரிச்சுப் பேசு. பொய் சொன்னது தப்புன்னு சொல்லு. என்னையத் திட்டு. நல்லாத் திட்டு, கல்யாணமான புதுசுல திட்டுவியே, அது மாதிரி. நான் ஒண்ணுக்கும் ஆகாதவன்னு சொல்லு.”

“அதெல்லாம் எதுக்கு?”

“அதக் கேட்டா அவன் குளுந்து போவான். பொறவு நீ என்ன சொன்னாலும் கேப்பான்.”

“உமக்கெப்படித் தெரியும்?”

அவன் பதில் சொல்லாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினான். சாத்தியும் கேட்டது.

“கோவமா?” என்றாள் மெற்றில்டா உள்ளே. “செரி, நான் சொன்னது பொய்தான். அந்த மனுசனுக்காகச் சொன்னேன். ஒரு கயித்தக்கூட ஒழுங்காக் கெட்டத் தெரியாது, அதுல மூக்குக்கு மேல ரோசம் வேற. கஞ்சிக்கு உப்பு கூடினா மூணு நாளு பேசாது. நீ கேட்டிருக்கியே.”

“கேட்டிருக்கேன்,” என்றது குரல், விருப்பமில்லாமல்.

“கைப்புண்ண வச்சிக்கிட்டு நாலு நாளா மொனங்கிக் கெடக்கு. பிரசவ வேதனைகூட அம்புட்டு இருக்காது.”

குரல் சிரித்துவிட்டது. அவளும் சிரித்தாள். சொல்லிக்கொடுத்து வருகிற சிரிப்பு மாதிரி இல்லை.

ததேயூஸ் சீழ் வைத்த கையை மூடித் திறந்தான். தூரத்தில் முதல் படகு பொழிமுகத்தின் வாய்க்குள் மூக்கை நுழைத்திருந்தது.

“செரி,” என்றது உள்ளே அவன் குரல், இதமாக. “அங்க எப்படி இருக்கு?”

அவள் சொன்னாள். அது கேட்டது. எந்தப் பக்கம், எத்தனை அலைக்கு ஒருமுறை, எவ்வளவு உயரம். பிறகு வீட்டு வயர்லெஸ்ஸில் அதே குரல் இன்னொரு தடவை ஒலித்தது. “ஏறாதீங்க. ஒருத்தரும் ஏறாதீங்க.”

முதல் படகு நுரைக்குள் தடுமாறி, மெல்ல மூக்கை வெளியே திருப்பியது. அதன் பின்னால் கிளீட்டஸின் படகு. அதன் பின்னால் மற்றவை.

கடைசிப் படகும் திரும்பிய பிறகும் உள்ளே பேச்சு நிற்கவில்லை.